பதியுதீன் காக்கா திருப்பிய கமரா

எங்கள் ஊரில் தெருவிளக்கு எரியாவிட்டால் சனம் பதியுதீன் காக்காவைத்தான் ஏசும். எரிந்தால் யாரையும் நினைக்காது. பிரதேச சபையில் மின்வேலை பார்க்கிறவர் அவர். காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன். நான் அதே சபையில் எழுதுவினைஞர், பெயர் றுஸ்தா. என் மேசைக்குப் பக்கத்துச் சுவரில்தான் அவருடைய ஏணி சாத்திக் கிடக்கும். எத்தனை தரம் சொன்னாலும் அதை வேறெங்கும் வைக்க மாட்டார். அதில் கொளுவிக் கிழிந்த என் அபாயாக்களுக்கு அவர் இன்னும் பதில் சொல்லவில்லை. ஆகவே அவரைப் புகழ்ந்து தள்ளுவதற்காக நான் இதை எழுதவில்லை. நடந்ததை எழுதுகிறேன். புகழ்ச்சி தானாக வந்து விழுந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

கல்முனையில் பஸ் ஏறி, கொண்டக்டர் மிச்சக்காசு தருமுன் இறங்கிவிடலாம், அவ்வளவு கிட்ட எங்கள் ஊர். கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவில் வீட்டோடு வீடு முட்டிக்கொண்டு நிற்கும் ஒழுங்கைகள். இந்த நெருக்கத்தில் பதியுதீன் காக்காவுக்குத் தெரியாத சங்கதி கிடையாது. யார் வீட்டில் கல்யாணம் பேசுகிறார்கள், யார் யாரோடு கோபம், யாருக்கு டுபாயிலிருந்து பெட்டி வந்தது, எல்லாம் காலைப் பிளேன்ரீயோடு சபைக் கந்தோருக்கு வந்துவிடும்.

"காக்கா, உங்கட வாய்க்கு ஒரு பூட்டு வாங்கித் தரட்டா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"தொறப்ப ஆர்ட கையில குடுக்கிற புள்ள? ஒன்ட வாய் என்னயும் விட மோசமெல்லா!" என்றார்.

கொஞ்சமும் வெட்கமில்லாத மனிதர். நாட்சம்பளக்காரராகச் சபைக்குள் வந்தவர். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த வருடத்தில் சாய்ந்து கிடந்த கம்பங்களையெல்லாம் நிமிர்த்தி, அகதி முகாமுக்கு முதல் விளக்கை எரிய வைத்தவர் இவர்தானாம். இந்தக் கதையை அவர் எனக்குச் சொல்லாத மாதம் இல்லை. அதற்குப் பிறகுதான் வேலையை நிரந்தரமாக்கினார்கள். ஒரு தரம் கம்பத்திலிருந்து விழுந்து கை முறிந்தது. கட்டுப் போட்ட கையோடு கீழே நின்று, மேலே ஏறிய ஆளை ஏசி ஏசியே வேலை வாங்கினார்.

அவருடைய வாப்பா மீராமுகைதீன் தேங்காய் பறிக்கிறவர். எங்கள் பக்கத்தில் மரம் ஏறுகிறவருக்கு ஒரு கட்டாயம் உண்டு. ஏறுமுன் கூப்பிட வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் ஒரு வளவு, வளவில் ஒரு கிணறு, சுற்றிவர வேலி அல்லது மதில். அதற்குள் பெண்கள் முக்காடு இல்லாமல் திரிவார்கள், குளிப்பார்கள், தலை உலர்த்துவார்கள். மர உச்சியில் நிற்கிறவனுக்கு மதிலெல்லாம் ஒரு மதிலா? அக்கம்பக்கத்து வளவெல்லாம் அப்படியே தெரியும். அதனால் அடியில் நின்று கூப்பிட்டு, பெண்கள் உள்ளே போக அவகாசம் கொடுத்துவிட்டுத்தான் ஏறுவார்கள். வாப்பா தென்னைக்குக் கூப்பிட்டதை மகன் மின்கம்பத்துக்குக் கூப்பிட்டார்.

"ஏ... போஸ்ட்டுல ஏறப்போறன்! பொண்டுகள் உள்ளுக்குப் போங்கோ!"

கூப்பிட்டுவிட்டு நபியின் மேல் மூன்று ஸலவாத்து ஓதுவார். பிறகு பிஸ்மில்லாஹ் சொல்லிக் காலை வைப்பார். மழை கொட்டட்டும், வயரில் பொறி பறக்கட்டும், அந்த மூன்று ஸலவாத்து குறையாது. எங்கள் உம்மா ஒரு முறை கிணற்றடியிலிருந்து, "கொஞ்சம் பொறு மனே, தலையெல்லாம் சவுக்காரம்!" என்று கத்த, மனிதர் கம்பத்தடியில் குந்தி வெற்றிலை போட்டுக்கொண்டு காத்திருந்தார். "ம், இப்ப ஏறு" என்று குரல் வந்த பிறகுதான் எழும்பினார். இதனால்தான் அவர் எந்த ஒழுங்கைக்குப் போனாலும் பெண்கள் முகம் சுளிப்பதில்லை. வேறு ஆள் ஏறினால் யன்னல்கள் மூடிக்கொள்ளும். இவர் இறங்கினால் யாராவது ஒரு வீட்டிலிருந்து தேத்தண்ணி வரும்.

அந்த நம்பிக்கைதான் அவருடைய சொத்து. வேறு சொத்து அவருக்கு இல்லை, வீடு உட்பட. வீடு அவருடைய மனைவி ஸம்றாவுடையது. எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்ணுக்குத்தான் எழுதுவார்கள். மாப்பிள்ளை நாலு சாரனும் சேட்டும் எடுத்துக்கொண்டு வந்து குடியேறுவார். அடுத்த வளவு ஸம்றாவின் ராத்தா, அதாவது அக்கா, சுஹறாவுக்கு. சுஹறா ராத்தாவின் கணவர் றாஸிக் சவளக்கடைப் பக்கம் வயல் செய்தவர். சகலன்கள் இரண்டு பேரும் பின்னேரத்தில் ஒழுங்கை முனையில் நின்று கதைக்கத் தொடங்கினால் மஃரிபு பாங்குதான் பிரித்து வைக்கும். இந்த வருடம் பெரும்போக அறுவடை முடிந்த கையோடு றாஸிக் காக்கா நெஞ்சுவலியில் மௌத்தானார். சுஹறா ராத்தா இத்தா இருக்கத் தொடங்கினார்.

இத்தா என்றால், கணவன் மௌத்தான பிறகு பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருப்பது. வெளியே போக மாட்டார், அந்நிய ஆணின் கண்ணில் பட மாட்டார். அந்த நாட்களில் சுஹறா ராத்தாவுக்கு மிஞ்சியிருந்த வெளி, பின் வளவு ஒன்றுதான். ஒரு கிணறு, இரண்டு வாழை, ஒரு பிளாஸ்டிக் கதிரை. அங்கே இருந்துதான் காற்று வாங்குவார், தஸ்பீஹ் ஓதுவார், அழ வேண்டியதை அழுவார்.

இனிக் கமராவுக்கு வருகிறேன். றாஸிக் காக்காவை ஆஸ்பத்திரியில் வைத்திருந்த நேரம் பார்த்து அவருடைய மோட்டார் சைக்கிளை வீட்டு வாசலில் வைத்தே எவனோ கொண்டுபோய்விட்டான். அதற்கு முதல் தண்ணீர் மோட்டர்கள், ஆடுகள், பள்ளிவாசல் உண்டியல்கூடப் போயிருந்தது. ஊர் கொதித்தது. கத்தாரில் இருக்கிற எங்கள் பொடியன்கள் சேர்ந்து கமராக்கள் வாங்கிக் கொடுத்தார்கள். சபை பொறுப்பெடுத்தது. சபைத் தலைவரான எங்கள் தவிசாளர் நல்ல மனிதர்தான், ஆனால் புதுச் சாமானைக் கண்டால் சின்னப் பிள்ளை. பெட்டியைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சேர், இதுல வாற படத்த ஆர் பாக்கிற?" என்று நான் கேட்டேன்.

"எல்லாரும் பாக்கலாம் புள்ள. நம்மட ஊர்தானே!" என்றார்.

ஊரிடம் சம்மதம் கேட்டது அதைவிடப் பெரிய கூத்து. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் பள்ளியில் ஒலிவாங்கியைப் பிடித்து, "கமரா போடுறதுக்கு ஊட்டுச் சொந்தக்காரர் எல்லாருக்கும் சம்மதமா?" என்று கேட்டார்கள். பள்ளி நிறையக் கை உயர்ந்ததாம். பெண்கள் நாங்கள் வீட்டில் சோறு போட்டபடி ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தோம். எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஆனால் ஸ்பீக்கரோடு யார் சண்டை பிடிக்கிறது?

கமரா பூட்டுவதற்கு மட்டக்களப்பிலிருந்து கம்பனி ஆள் வந்தார், பிரசாந் என்று பெயர். மரியாதையான மனிதர், வேலை தெரிந்தவர். அன்றைக்கு நடந்ததைப் பிறகு அவரே என்னிடம் சொன்னார். சுஹறா ராத்தாவின் ஒழுங்கை முனைக் கம்பத்தில் பதியுதீன் காக்கா ஏணியைச் சாத்தினார். கூப்பிட்டார். மூன்று ஸலவாத்து ஓதினார். ஒவ்வொரு வீடாகப் பின்கதவு அடைபடுகிற சத்தம் கேட்டது. பிறகு ஏறினார். பிரசாந் கீழே மடிக்கணினியில் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ண, கொஞ்சம் இடப்பக்கம் திருப்புங்க. வாசல் மட்டும்தான் விழுது. அந்த ஒழுங்கை வளைவும் விழட்டும்."

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம்... ஆ, நிப்பாட்டுங்க. நல்லாயிருக்கு."

"வளவு கிளவு ஏதும் விழுதா தம்பி?"

"ஒரு வெறும் வளவு விழுது அண்ண. கிணறும் ரெண்டு வாழையும். ஆக்கள் ஒருத்தரும் இல்ல."

காக்காவும் மேலிருந்து ஓரக்கண்ணால் பார்த்தார். ஆக்கள் இல்லைதான். எப்படி இருப்பார்கள்? இவர்தானே கூப்பிட்டு எல்லோரையும் உள்ளே அனுப்பினார்! அது இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை. திருகாணியை நன்றாக இறுக்கினார். இறங்கினார். "எறங்கிட்டன், வாங்கோ!" என்று குரல் கொடுத்தார். ஆள் இறங்கிவிட்டார், இனிப் பயமில்லை என்று பெண்கள் கதவைத் திறந்து வெளியே வந்தார்கள். கமரா மேலேயே இருந்தது.

மறுநாள் காலை சபைக் கந்தோரின் முன் மண்டபத்தில் பெரிய ரீவி ஒன்றைச் சுவரில் பூட்டினார்கள். ஆதனவரி கட்ட வந்தவர்கள், சந்தை வியாபாரிகள், தேத்தண்ணி கொண்டு வந்தவர் எல்லோரும் வாயைப் பிளந்து நின்றார்கள். ஊர் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. "இஞ்ச பாருங்க, பள்ளிச் சந்தி!" "அந்தா நம்மட ஆட்டோ!" என்று ஒரே கூச்சல். தவிசாளர் கல்யாண வீட்டுக்காரர் மாதிரி எல்லோரையும் வரவேற்று, ரிமோட்டை எடுத்து ஒவ்வொரு கட்டமாகப் பெரிதாக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். பதியுதீன் காக்கா அப்போதுதான் பையோடு உள்ளே வந்தார்.

தவிசாளர் அடுத்த கட்டத்தைப் பெரிதாக்கினார். ஒரு பக்கம் ஒழுங்கை. மறுபக்கம் ஒரு வளவு. வளவில் ஒரு பெண் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். தலையில் ஒன்றும் இல்லை. ஈரமுடியை முன்னால் போட்டு உலர்த்திக்கொண்டிருந்தவர், முடியை விலக்கிக் கண்ணைத் துடைத்தார்.

அல்லாஹ்வே, சுஹறா ராத்தா! எந்த ஆணும் பார்க்கக் கூடாதென்று வீட்டோடு அடைந்து கிடக்கிற மனுசியை, மண்டபம் நிறைய ஆண்கள் நின்று பார்க்கிறார்கள். முக்காடு இல்லாத தலையோடு அவரை அந்த ஆண்கள் வாழ்க்கையில் பார்த்ததில்லை, அதனால் யாருக்கும் ஆள் பிடிபடவில்லை. எனக்குப் பிடிபட்டது. காக்காவின் முகத்தைப் பார்த்தேன். அவருக்கும் பிடிபட்டிருந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் மெயின் சுவிட்சை இறக்கினார். ஃபேன்கள் நின்றன, ரீவி இருண்டது. அது போதாதென்று பையிலிருந்து வெட்டுக்குறடு ஒன்றை எடுத்து ரீவி வயரைக் கத்தரித்தார்.

"பதியுதீன்! என்ன வேல இது?" தவிசாளர் பாய்ந்து வந்தார்.

"வயர் பழுது சேர்."

"இப்பதானே நல்லா வேல செஞ்சுது!"

"பழுது சேர்."

"என்ன பழுது? செல்லுங்களன்!"

காக்கா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். தவிசாளருக்கு அத்தனை பேருக்கு முன்னால் மானம் போய்விட்டது. முகம் சிவந்தது. "சபைச் சாமான வெட்டிட்டு ஊமையாட்டம் நிக்கிறயள். காரணத்தச் செல்ற எண்டா செல்லுங்க. இல்லாட்டி விசாரணை முடியுமட்டும் கந்தோர்ப் பக்கம் வர வேணாம்!"

ஊர்ச் சங்கதி ஒன்றும் தங்காத அந்த வாய் திறக்கவே இல்லை. குறட்டைப் பைக்குள் போட்டார், வெளியே போனார். பென்ஷன் எடுக்கிற வயதுக்குக் கிட்ட நிற்கிற மனிதர். விசாரணை என்று ஒன்று வந்து தண்டனை எழுதினால் அவ்வளவு காலம் ஏறி இறங்கியதெல்லாம் வீண். "அது என் மதினி, இத்தாவில் இருக்கிறவர்" என்று ஒரு வசனம் சொல்லியிருந்தால் தவிசாளரே எழும்பி நின்று மன்னிப்புக் கேட்டிருப்பார். ஆனால் மண்டபத்தில் நின்றவர்களுக்கு ரீவியில் பார்த்தது யார் என்று தெரிந்துவிடும். அஸர் தொழுகைக்கு முன் ஊருக்கே தெரிந்துவிடும். ஆளின் கணக்கு எனக்கு விளங்கியது, விளங்கியதில் கண் கலங்கியது. கூடவே ஆத்திரமும் வந்தது. யாரோ மெயினைத் தூக்கிக் கரண்ட் வந்ததும், மேசையில் இருந்த, கமராப் படம் பதிகிற கறுப்புப் பெட்டியில் சிவப்பு லைட் பழையபடி மின்னத் தொடங்கியது. ரீவிதான் செத்தது. கமரா கண்டதையெல்லாம் பெட்டி வாங்கி வைத்துக்கொண்டே இருந்தது. எவ்வளவு காலம் வைக்கும், யார் யார் எடுத்துப் பார்க்கலாம் என்று கேட்டால் கந்தோரில் ஒருவருக்கும் தெரியவில்லை.

பின்னேரம் அவர்கள் ஒழுங்கைக்குப் போனேன். ஸம்றா வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன புள்ள நடந்த? வேலயால நிப்பாட்டிட்டாங்களாமே. கேட்டா வாயத் தொறக்கிறார் இல்ல. தலாணியக் கட்டிப் பிடிச்சிட்டுப் படுத்துக் கிடக்கார்."

பெண்சாதிக்கும் சொல்லவில்லை! நான் அவளுக்கு ஒன்றும் சொல்லாமல் சுஹறா ராத்தாவின் வீட்டுக்குள் போனேன். பெண்கள் போய்வரத் தடையில்லை. சுற்றி வளைக்காமல் நடந்ததைச் சொன்னேன். அவருடைய விஷயம், அவருக்குத் தெரியாமல் நாங்கள் இரண்டு பேர் மூடி வைப்பது என்ன நியாயம்?

ராத்தாவின் கை தானாகத் தலைக்குப் போய் முக்காட்டை இழுத்தது. பிறகு மெல்ல, "என்ன ஆரெண்டு தெரிஞ்சா?" என்றார்.

"இல்ல ராத்தா. எனக்கும் பதியுதீன் காக்காக்கும் மட்டும்தான்."

"அவர் என்ன சென்ன?"

"வயர் பழுதெண்டு செல்லிட்டு வேலய விட்டுட்டு வந்திட்டார்."

அழுதார். நானும் கூட அழுதேன். முகத்தைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது ராத்தாவின் குரல் மாறியிருந்தது.

"ஏன் புள்ள, இந்த வளவு ஆர்ட பேர்ல?"

"உங்கட பேர்ல."

"அந்த வளவு?"

"ஸம்றாட பேர்ல."

"அப்ப பள்ளியில கைய ஒசத்தின ஆம்புளயள் ஆர்ட ஊட்டுக்குச் சம்மதம் குடுத்த? அவங்களுக்கு ஒரு ஓட்டுத் துண்டாவது சொந்தமா இரிக்கா?"

எனக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. உண்மைதானே! பள்ளி நிறைய இருந்த அத்தனை சொந்தக்காரரும் பெண்சாதி வீட்டில் குடியிருக்கிறவர்கள். தவிசாளரும் அப்படித்தான். அதைக் கேட்ட தவிசாளருக்கும் நினைவில்லை, கை உயர்த்தியவர்களுக்கும் நினைவில்லை. ராத்தாவும் கண்ணீரோடு சிரித்தார். மாப்பிள்ளை மௌத்தான பிறகு அவர் சிரித்து அன்றுதான் கண்டேன். சிரிப்பு அடங்கியதும் ஃபோனை எடுத்துத் தவிசாளருக்கு அடித்தார்.

"சேர்மன் தம்பி, நான் றாஸிக்ட ஊட்டுக்காரி. கமரா விசயமாக் கதைக்க இரிக்கி. நான் வரேலா, இத்தா. நீங்கதான் வரணும். சபை ஆக்களையும் கூட்டிட்டு வாங்க."

இத்தாவில் இருக்கிற பெண் கூப்பிட்டால் எந்தத் தவிசாளர் மறுக்க முடியும்? அடுத்த நாள் அஸர் தொழுகை முடிந்து, அவரும் சில உறுப்பினர்களும் ஒழுங்கைக்குள் வந்தார்கள். கதிரை போட்டோம். ஒழுங்கைப் பெண்கள் அபாயா உடுத்திக்கொண்டு அவரவர் வாசல் கடப்படியில் நின்றார்கள். ராத்தா உள்ளே, யன்னலுக்குத் திரை இழுத்துவிட்டு இருந்தார். பதியுதீன் காக்கா தூரத்தில் கம்பத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றார். எதற்குக் கூட்டம் என்று அவருக்குத் தெரியாது.

திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "மொதல்ல ஒண்டு செல்றன். அண்டைக்கி உங்கட ரீவியில முக்காடு இல்லாம இருந்த பொண்டு நான்தான்."

காக்கா பதறிப்போய் இரண்டடி முன்னுக்கு வந்தார். "மதினி, வேணாம்... வேணாம் மதினி..."

"நீங்க சும்மா இரிங்க! என்ட மானத்தக் காப்பாத்த நீங்க வாயப் பொத்தினயள். அல்லாஹ் உங்களுக்கு அதுக்குக் கூலி தருவான். ஆனா அதுக்காக உங்கட வேல போகப்படாது. நான் என்ன களவா செஞ்ச? என்ட வளவுல, என்ட கிணத்தடியில இருந்த. வெக்கம் எனக்கில்ல. பாத்தவங்களுக்கும் காட்டினவங்களுக்கும்தான் வெக்கம்."

ஸம்றா வாயைப் பொத்திக்கொண்டு புருஷனைப் பார்த்தாள். காக்கா தோள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பெரிய மனிதர், கம்பத்தடியில் நின்று விம்மினார். தவிசாளர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தலை குனிந்திருந்தார்.

"தம்பி, அந்தப் பொட்டிக்குள்ள நான் இன்னும் இரிக்கனா?" ராத்தா கேட்டார்.

"ஓம் ராத்தா..."

"எவ்வளவு காலத்துக்கு?"

"அது கம்பனிக்காரருக்குத்தான்..."

"கம்பனிக்காரருக்கா நாங்க வோட்டுப் போட்ட? ஊரப் பாக்கிற கண்ண வெச்ச சபை. அப்ப அந்தக் கண்ணு எதப் பாக்குது, ஆருக்குக் காட்டுது, கண்டத எப்ப மறக்குது எண்டு சபைதான் செல்லணும்."

ஒரு உறுப்பினருக்குப் பொறுக்கவில்லை. "அப்ப கமரா வேணாமெண்டு செல்றயளா? நாளைக்கிக் களவு போனா எங்கள ஏசப்படாது."

"வேணாமெண்டு ஆர் சென்ன? என்ட மாப்பிளட சைக்கிள் போனது இந்த வாசலால. எனக்குத்தான் எல்லாரயும் விடக் கமரா வேணும். களவன் நடக்கிற வழியப் பாக்கட்டும். என்ட கிணத்தடியில என்ன களவனத் தேடுறீங்க?"

பெண்கள் பக்கமிருந்து சிரிப்பு வந்தது. தவிசாளர் எழும்பினார். "மாப்புச் செய்ங்க ராத்தா. எனக்கு இது தட்டுப்படவே இல்ல. பதியுதீன் காக்கா, நீங்களும் மாப்புச் செய்ங்க. நாளைக்கி வேலைக்கி வாங்க" என்றார். எல்லோருக்கும் முன்னால் நின்று சொன்னார். அதற்காகவே அவரை நான் நல்ல மனிதர் என்று மேலே எழுதினேன்.

அன்று பின்னேரமே மண்டபத்து ரீவி இறங்கியது. திரையை உள்ளே ஒரு சின்ன அறையில் வைத்துப் பூட்டி, திறப்பைச் செயலாளரிடமும் என்னிடமும் தந்தார்கள். களவு என்று முறைப்பாடு வந்தால் மட்டும்தான் பழைய படத்தை எடுத்துப் பார்க்கலாம், அதுவும் தனியாளாக இல்லை. இரண்டு கிழமை தாண்டிய படம் தானாக அழிந்துவிட வேண்டும். ராத்தாவின் படத்தை என் கண் முன்னாலேயே அழித்தார்கள், ரீவியில் பார்த்த அன்றையது மட்டுமல்ல, அந்த வளவு விழுந்த எல்லாவற்றையும். ஒழுங்கை முனையில் பலகை வைத்தோம். இங்கே சபையின் கமரா இருக்கிறது, ஏதும் கேட்க வேண்டுமென்றால் இந்த நம்பர் என்று. நம்பர் என்னுடையது. முதல் கிழமை பெண்கள் அடித்த அடியில் ஃபோன் சூடாகிவிட்டது. இதெல்லாம் கமராப் பெட்டியைப் பிரிக்குமுன் செய்திருக்க வேண்டிய வேலை. தவிசாளரிடம் நான் அதைச் சொல்லாமல் விடவில்லை.

மிச்சம் இருந்தது கமராவைத் திருப்புவது. பிரசாந் மறுபடியும் வந்தார். இந்தத் தரம் மடிக்கணினி என் மடியில், சுஹறா ராத்தாவின் வீட்டுக்குள். காக்கா ஏணியைச் சாத்திவிட்டு, பழக்கதோஷத்தில் வாயைத் திறந்தார். "ஏ... போஸ்ட்டுல ஏறப்போறன்! பொண்டுகள் உள்ளு..."

"உள்ளுக்குப் போகச் செல்லாதீங்க!" ராத்தா யன்னலால் கத்தினார். "போன தரம் அதாலதான் இவ்வளவும் வந்த!"

காக்கா வாயைப் பிளந்தபடி நின்றார். பாவம், வாழ்நாள் முழுதும் கூப்பிட்டதை மாற்றிக் கூப்பிட வேண்டும். கனைத்தார், சுற்றுமுற்றும் பார்த்தார், பிறகு வெட்கத்தோடு குரலெடுத்தார்.

"ஏ... போஸ்ட்டுல ஏறப்போறன்! பொண்டுகள் எல்லாரும் வெளிய வாங்கோ!"

ஒழுங்கையே சிரித்தது. பெண்கள் முக்காடும் அபாயாவுமாக அவரவர் வளவில் இறங்கி நின்றார்கள். ராத்தாவின் இடத்தில் ஸம்றா நின்றாள். காக்கா கமராவையும் தன் கையையும் தவிர வேறெதையும் பார்க்காமல் மேலே நின்றார். ராத்தா உள்ளேயிருந்து ஏவினார், "வாழைக்குக் கிட்ட நில்லு ஸம்றா. இன்னும் தள்ளி. ஆ, அங்கதான் நான் கதிர போடுற."

"தோள் தெரியிது!" நான் கத்தினேன். "காக்கா, வலப்பக்கம்!"

"இப்ப?" ஸம்றா கையைத் தூக்கிக் காட்டினாள்.

"கை தெரியிது!"

"இப்ப?"

"விரல் மட்டும் தெரியிது! மருதோண்டி போட்டிரிக்காய்!"

"அடி, அதெல்லாம் என்னத்துக்குப் பாக்கிறாய்!" என்று அவள் வாழைக்குப் பின்னால் ஓடினாள். மேலே காக்காவின் ஏணி சிரிப்பில் ஆடியது. எவ்வளவு திருப்பியும் ஒரு மூலை மிஞ்சியே இருந்தது. பிரசாந் அந்த மூலையைத் திரையில் கறுப்பாக மறைத்துவிட்டார். ஒழுங்கையும் வாசலும் தெளிவாக இருந்தன. ஒவ்வொரு வளவுப் பெண்ணும் என் பக்கத்தில் வந்திருந்து, தன் வளவு தெரியவில்லை என்று கண்ணால் கண்டு "சரி" சொன்ன பிறகுதான் காக்கா திருகாணியை இறுக்கினார்.

இப்போது காலையில் கந்தோருக்கு வந்ததும் அந்த அறையைத் திறந்து, கமராக்கள் வேலை செய்கின்றனவா என்று பார்ப்பது என் வேலை. சுஹறா ராத்தாவின் இத்தா இன்னும் முடியவில்லை. அந்தக் கறுப்பு மூலைக்குள் அவர் கதிரை போட்டு இருக்கிறாரா, தலை உலர்த்துகிறாரா, றாஸிக் காக்காவை நினைத்து அழுகிறாரா, எனக்குத் தெரியாது. பதியுதீன் காக்கா அறைக்குள் வர மாட்டார். வாசலில் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்று கேட்பார்.

"ஒழுங்கை முனை எப்பிடிப் புள்ள?"

"வழி தெரியிது காக்கா. ஆடு ஒண்டு போகுது."

"அங்கால?"

"அங்கால ஒண்டுமே தெரியல்ல."

"அல்ஹம்துலில்லாஹ்" என்பார்.